ஆயுள் முழுக்க ஒரே எண்ணெயா?

ஆட்டோமாட்டிக் கியர் பாக்ஸுக்கு எண்ணெய் மாற்றவே வேண்டாம் என்ற நம்பிக்கை அந்தமான் சாலைகளில் சோதனைக்குள்ளாகிறது.

சிவப்பாக இருந்திருக்க வேண்டும். டிரெயின் போல்ட்டைக் கழற்றியதும் தொட்டியில் விழுந்ததோ கறுப்பு டிக்காஷன். லம்பா லைனில், விமான நிலையத்துக்கு அருகே, தகரக் கூரை போட்ட ஒரு ஒர்க்‌ஷாப். மெக்கானிக் இரண்டு விரல்களுக்கிடையே எண்ணெயைத் தேய்த்து முகர்ந்து பார்க்கிறார். கருகிய வாடை.

"இந்த ஆயிலை மாத்தவே வேணாம்னு சொல்லித்தானேண்ணே வண்டிய வித்தாங்க?" என்கிறார் பிக்-அப்பின் சொந்தக்காரர். ரங்கத்திலிருந்து நகரத்துக்குக் காய்கறி ஏற்றி வருபவர். "எத்தனை வருஷத்துக்குன்னு கேட்டியா தம்பி?" என்கிறார் மெக்கானிக்.

நியாயமான கேள்விதான். தீவுகளில் ஓடும் பழைய பிக்-அப்களில் பெரும்பாலானவை கையால் கியர் போடுபவை. ஆட்டோமாட்டிக் இங்கே புது விருந்தாளி. அதன் எண்ணெய் 'வண்டியின் ஆயுள் முழுவதும்' தாங்கும் என்ற பேச்சும் கூடவே வந்துவிட்டது. ஆனால் பல கம்பெனிகளின் கையேடுகளே இன்னொரு பக்கத்தில் வேறு கதை சொல்கின்றன: அதிகச் சுமை, மலைச்சாலை, கடும் வெப்பம், நின்று நின்று ஓடுதல் ஆகியவை 'கடுமையான பயன்பாடு', அப்போது எண்ணெயை முன்கூட்டியே மாற்ற வேண்டும்.

அந்தமானில் அதுதான் சாதாரணப் பயன்பாடு. 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரிலிருந்து வடக்கே திக்லிபூர் வரை நீளும் டிரங்க் ரோடு 300 கிலோமீட்டருக்கும் அதிகம். ஜாரவா பழங்குடியினரின் காட்டுப் பகுதியில் வண்டிகள் வரிசை கட்டி மெதுவாகத்தான் போகலாம். மிடில் ஸ்ட்ரெய்ட்டில் வண்டியைப் படகில் ஏற்றி இறக்க வேண்டும். ஏற்றம், இறக்கம், காத்திருப்பு, சுமை எல்லாம் கியர் பாக்ஸின் தலையில்தான்.

சாதாரண கியர் பாக்ஸில் எண்ணெயின் வேலை முக்கியமாக உராய்வைக் குறைப்பது. ஆட்டோமாட்டிக்கில் அதற்கு நான்கு வேலை. எஞ்சினின் சக்தியை டார்க் கன்வர்ட்டர் வழியாகக் கடத்துவது, அழுத்தம் கொடுத்து கிளட்ச் பிளேட்டுகளைப் பிடிக்க வைப்பது, பல் சக்கரங்களுக்கு மசகிடுவது, சூட்டை வெளியேற்றுவது. வழுக்கவும் வேண்டும், பிடிக்கவும் வேண்டும். இந்த இரட்டை வேலைக்காகத் தொடக்க கால எண்ணெய்களில் திமிங்கில எண்ணெய் கலந்தார்கள். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கா அதைத் தடுத்த பிறகு வேதியியலாளர்கள் மாற்று தேட வேண்டியதாயிற்று. இன்றும் கம்பெனிக்குக் கம்பெனி எண்ணெயின் தரக்குறி மாறும். 'சிவப்பாக இருந்தால் போதும்' என்று கிடைத்ததை ஊற்றுவது ஆபத்து.

சூடுதான் முதல் எதிரி. எண்ணெய் கெடும் வேகம் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது பொறியாளர்களின் தோராயக் கணக்கு. இரண்டாவது எதிரி நீர். எண்ணெய் ரோஸ்மில்க் நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டது என்று பொருள். வண்டியை அதற்கு மேல் ஓட்டக்கூடாது.

மெக்கானிக் அடித்தட்டைக் கழற்றுகிறார். உள்ளே காந்தங்களில் சாம்பல் நிறப் பசை. அது வழக்கமான தேய்மானம். இரும்புச் சில்லுகள் இருந்தால்தான் கவலை. பில்டரும் கேஸ்கட்டும் புதிது. வெளியே வந்த எண்ணெயை அளந்து அதே அளவு ஊற்றுகிறார். ஆனால் பெட்டியிலுள்ள எண்ணெயில் பாதிகூட வெளியே வந்திருக்காது. மிச்சம் டார்க் கன்வர்ட்டரில் தங்கிவிடும். அதனால் சில நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடியும் வரச் சொல்கிறார். அளவு பார்ப்பதும் எஞ்சினை ஓடவிட்டு, கையேடு சொல்லும் சூட்டில்தான்.

எண்ணெய் மாற்றினால் பழைய ஆட்டோமாட்டிக் செத்துவிடும் என்ற பயமும் உண்டு. முழுப் பொய்யல்ல. பிளேட்டுகள் ஏற்கெனவே தேய்ந்திருந்தால் புது எண்ணெய் அவற்றைக் காப்பாற்றாது. ஒளிந்திருந்த நோய் வெளியே தெரியலாம். மெக்கானிக் உத்தரவாதம் எதுவும் தரவில்லை. மிஷின் வைத்து அழுத்தத்தில் கழுவவும் மறுத்துவிட்டார். கியர் பாக்ஸ் போனால் பாகங்கள் சென்னையிலிருந்து 1,300 கிலோமீட்டருக்கும் மேல் கடல் கடந்து வர வேண்டும். அதுவரை காய்கறி வியாபாரம் நிற்கும். சொந்தக்காரருக்கு உறைத்தது அந்தக் கணக்குதான்.

தொட்டியிலுள்ள கறுப்பு எண்ணெய் ஒரு கேனுக்குள் போகிறது. சாக்கடையில் கொட்டினால் அடுத்த மழையில் அது கடலுக்குப் போய்விடும். 2016ஆம் ஆண்டு விதிகளின்படி கழிவு எண்ணெய் அபாயகரமான கழிவு. 2024 ஏப்ரல் முதல் அதைத் திரட்டி மறுசுழற்சி செய்யும் பொறுப்பு உற்பத்தியாளர்களுக்கும் உண்டு. சிறு ஒர்க்‌ஷாப்பின் பங்கு, கேனை மூடி வைத்து உரியவர்களிடம் ஒப்படைப்பது.

சாவி திருப்பப்படுகிறது. ரிவர்ஸ் போட்டால் இரண்டு விநாடி யோசித்த வண்டி இப்போது ஒரு விநாடிதான் யோசிக்கிறது. முழுக் குணமில்லை. மெக்கானிக் மார்க்கர் பேனாவால் கதவின் உட்புறம் தேதியையும் கிலோமீட்டரையும் எழுதுகிறார். "ஆயுள்னா இதுலேர்ந்து எண்ணு தம்பி."