தோலுக்கேற்ற ஆணி



திருமணம் பேசும் வீட்டில் பொருத்தம் பார்ப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். பத்துப் பொருத்தமும் பார்ப்பவர்கள் உண்டு; மனப்பொருத்தம் ஒன்றே போதும் என்பவர்களும் உண்டு. நான் இன்று பேசப்போவது வேறொரு பொருத்தத்தைப் பற்றியது. மோட்டார் சைக்கிளின் இருபுறமும் தொங்கவிடும் தோற்பைகளைக் கையால் செய்ய வேண்டுமானால், அதற்குரிய தோல், நூல், ஆணி, பக்கிள் ஆகியவற்றை எவ்வாறு பொருத்தம் பார்த்து வாங்குவது என்பதே என் பொருள். ஓய்வு பெற்ற தலைமையாசிரியருக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் நினைக்கலாம். அதையும் சொல்கிறேன், ஏனெனில் அதில் என் பிழை ஒன்றும் அடங்கியிருக்கிறது.

என்னிடம் பழைய புல்லட் வண்டி ஒன்று உண்டு. இங்கிலாந்தில் பிறந்த அவ்வண்டியை நம் நாட்டில் உருவாக்க 1955-ஆம் ஆண்டு சென்னையில் ஒரு நிறுவனம் தொடங்கப்பட்டது. திருவொற்றியூர்த் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த புல்லட்டுகள் பல்லாண்டுக் காலம் நம் சாலைகளில் ஓடின. என் வண்டியும் பள்ளிக்கும் வீட்டுக்குமாக என்னைச் சுமந்து உழைத்தது. 2019-ஆம் ஆண்டு மே மாதம் நான் ஓய்வு பெற்றபோது, என் பழைய மாணவர் ஒருவர் ஒரு சோடித் தோற்பைகளைக் கொண்டுவந்து அவ்வண்டியில் மாட்டிவிட்டுப் போனார். அவர் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுத் திண்டுக்கல்லில் தோல் வேலை பழகியவர். பின்னர்ச் சிறு கடை ஒன்று வைத்து, வண்டிப் பைகளும் கருவிப் பைகளும் செய்து விற்றுவந்தார். பைகள் பார்வைக்கு மிக அழகாக இருந்தன. மஞ்சள் கலந்த பழுப்பு நிறத்தோல். அதன்மேல் பொன்போல் மின்னும் ஆணிகள்.

ஐப்பசி மழை வந்தது. இரண்டு வாரங்களில் ஒவ்வோர் ஆணியைச் சுற்றியும் கறுப்பு வளையம் தோன்றியது. துடைத்தால் போகவில்லை, சோப்பிட்டாலும் போகவில்லை. ஒரு நாள் மாலை அம்மாணவர் வாடிய முகத்துடன் வந்து நின்றார். நெடும்பயணம் போகும் இளைஞர்கள் சிலருக்கு அவர் செய்துகொடுத்த ஆறு சோடிப் பைகளும் அதே கறையுடன் திரும்பி வந்துவிட்டன.

"கெட்ட தோலைக் கொடுத்து ஏமாற்றிவிட்டார்கள், ஐயா. தோல் கொடுத்தவரிடம் சண்டை போட்டுவிட்டேன். இனி அவர் படியை மிதிப்பதில்லை," என்றார்.

நான் வண்டியருகே சென்று பையை உற்றுப் பார்த்தேன். கறுப்பிலே சற்று நீலம் கலந்திருந்தது. அந்த நிறத்தை நான் எங்கோ பார்த்திருக்கிறேன் என்று தோன்றியது. சற்று நேரத்தில் நினைவு வந்தது. ஆண்டுதோறும் ஒன்பதாம் வகுப்பில் நானே செய்து காட்டிய நிறம் அது!

"தம்பி, கடுக்காயைக் கொதிக்கவைத்து, அந்தச் சாற்றில் அன்னபேதியைக் கரைத்து மை செய்தோமே, உனக்கு நினைவிருக்கிறதா?" என்று கேட்டேன்.

"நன்றாக நினைவிருக்கிறது, ஐயா. தேர்விலும் அந்தக் கேள்வி வந்தது. முழு மதிப்பெண் கொடுத்தீர்கள்," என்றார்.

அந்த விடை என்னைச் சுட்டது. முழு மதிப்பெண் பெற்ற பாடம் அவர் கைக்கு வந்து சேரவில்லை. அப்படிச் சேர வேண்டும் என்று நான் ஒரு நாளும் எண்ணியதில்லை.

செய்தி இதுதான். பச்சைத்தோல் அழுகாமல் இருக்க அதைப் பதனிட வேண்டும். அதற்கு இரண்டு பெருவழிகள் உள்ளன. முதலாவது, மரப்பட்டைகளிலும் காய்களிலும் உள்ள துவர்ப்புப் பொருளை ஊட்டிப் பதனிடுவது. அப்பொருளை டானின் என்பர். தமிழ்நாட்டில் நெடுங்காலம் ஆவாரம்பட்டையே இதற்குப் பயன்பட்டது. வாட்டில் மரப்பட்டையும் கடுக்காயும் துணைநின்றன. திண்டுக்கல், ஈரோடு, திருச்சி ஆகிய ஊர்கள் இம்முறைக்குப் பெயர் பெற்றவை. இரண்டாவது, குரோமிய உப்புகளால் பதனிடுவது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்ட்டன் என்பவர் சென்னையில் இம்முறையைப் பரப்ப முயன்றார். இன்று உலகில் பெரும்பகுதித் தோல் இம்முறையிலேயே பதனிடப்படுகிறது. வண்டியின் மட்கார்டில் முலாமாக மின்னுவதும் இதே குரோமியந்தான்.

பட்டையால் பதனிட்ட தோலுக்குள் டானின் நிறைந்திருக்கிறது. அதன்மேல் இரும்பு பட்டு, மழைநீரும் காற்றும் சேர்ந்தால், இரும்பும் டானினும் கூடிக் கருநீல நிறமுள்ள பொருளாக மாறுகின்றன. மைக்கூட்டில் நடந்ததே பையிலும் நடந்தது. ஒவ்வோர் ஆணியும் தன்னைச் சுற்றி மை காய்ச்சிக்கொண்டிருந்தது! தோலில் குற்றமில்லை. தோல் நல்ல தோல். ஆணிதான் பொருந்தாத ஆணி.

"ஆணி பித்தளை ஆயிற்றே, ஐயா. இரும்பு எங்கிருந்து வந்தது?" என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. நான் உள்ளே சென்று, பேரனின் விளையாட்டுப் பெட்டியிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்துவந்து ஆணியருகே நீட்டினேன். சட்டென்று ஒட்டிக்கொண்டது. பித்தளையைக் காந்தம் ஈர்க்காது என்பதை நீங்கள் அறிவீர்கள். அது பித்தளை முலாம் பூசிய இரும்பு ஆணி. முலாம் மெல்லியது, சுத்தியல் அடியிலேயே அது விரிந்து, இரும்பு வெளிப்பட்டுவிட்டது. மலிவாகக் கிடைத்ததென்று அவர் ஒரு பெட்டி வாங்கியிருந்தார்.

அவர் காந்தத்தையும் ஆணியையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு தலை குனிந்து, "பாவம், அந்த மனிதரைப் பலர் முன்னிலையில் திட்டிவிட்டேன்," என்றார். பணம் போனதைப் பற்றி அப்போது அவர் ஒரு சொல்லும் பேசவில்லை.

மாணவர்களே, அன்று முதல் நாங்கள் இருவரும் சேர்ந்து பொருத்தம் பார்க்கத் தொடங்கினோம். நாங்கள் கற்றவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலாவது நிறப்பொருத்தம். புல்லட்டின் இருக்கை பெரும்பாலும் ரெக்ஸின் போர்த்தியது. ரெக்ஸின் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு அதே நிறத் தோலைக் கடையில் தேடுகிறோம். கடைக்குள் டியூப் விளக்கின் ஒளியில் இரண்டும் ஒன்றுபோல் தோன்றும். தெருவுக்கு வந்தால் ஒன்று சிவக்கும், மற்றது மங்கும். வெவ்வேறு சாயங்கள் ஒளியின் வெவ்வேறு பகுதிகளைத் திருப்பி அனுப்புவதால், ஓர் ஒளியில் ஒத்திருப்பவை மற்றோர் ஒளியில் வேறுபடுகின்றன. நம் வீட்டுப் பெண்மக்கள் சேலையையும் ரவிக்கைத் துணியையும் கடைவாசலுக்கு எடுத்துச் சென்று பகல் வெளிச்சத்தில் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள் அல்லவா? அவர்கள் செய்வது நல்ல விஞ்ஞானம். தோலையும் அவ்வாறே பார்க்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. பட்டைத்தோல் வெயிலாலும் எண்ணெயாலும் கைபட்டும் நாளடைவில் கறுத்துச் சிவக்கும்; ரெக்ஸின் அவ்வாறு முதிர்வதில்லை. ஆகையால் இன்று சரியாகப் பொருந்தும் தோல் அடுத்த ஆண்டு பொருந்தாமற் போகலாம். இருக்கையைவிடச் சற்று வெளிறிய தோலை வாங்குவதே அறிவுடைமை. சில மாதங்களில் அது தானே இருக்கையின் நிறத்தை எட்டிவிடும்.

இரண்டாவது அளவும் இனமும். தோல் சதுர அடிக் கணக்கில் விற்கப்படுகிறது. 14 அங்குல நீளம், 10 அங்குல உயரம், 5 அங்குல அகலம் கொண்ட பைக்கு முன்பக்கமும் பின்பக்கமும் 280 சதுர அங்குலம், பக்கவாட்டுப் பட்டை 170, மூடி 168, ஆக 618. இதை 144-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 4.3 சதுர அடி. இரண்டு பைகளுக்கு 8.6. வார்களுக்கும் வெட்டுக் கழிவுக்கும் சேர்த்து 12 சதுர அடி வாங்க வேண்டும். அதை ஒரே தடவையில், ஒரே சாயத்தொகுதியிலிருந்து வாங்க வேண்டும். "குறைந்தால் பிறகு வாங்கிக்கொள்ளலாம்" என்றிருந்தால், பிறகு வருவது வேறு தொகுதியாக இருக்கும், நிறம் ஒத்துவராது. ஒரே தோலிலும் இடத்துக்கு இடம் இயல்பு மாறும். முதுகுப்பகுதி உறுதியானது, வயிற்றுப்பகுதி நெகிழ்ந்து நீளும். வலப்பையை முதுகிலும் இடப்பையை வயிற்றிலும் வெட்டினால், ஓராண்டில் ஒன்று நிமிர்ந்து நிற்கும், மற்றொன்று தொய்ந்து தொங்கும். முதுகெலும்பின் கோட்டுக்கு இருபுறமும் எதிரெதிரான இடங்களில் வெட்டினால் இரு பைகளும் உடன்பிறந்தவர் போல ஒன்றாக முதிரும்.

மூன்றாவது உலோகப் பொருத்தம். பட்டைத்தோலுக்குச் செப்பு ஆணி, பித்தளைப் பக்கிள், அல்லது துருவுறா எஃகு ஏற்றவை. செம்பும் பித்தளையும் தோலில் உள்ள எண்ணெயோடு சேர்ந்து பச்சைக் களிம்பு பிடிக்கும். ஆனால் அதைத் துணியால் துடைத்துவிடலாம். இரும்புக் கறையோ தோலுக்குள் ஊறிவிடும். கடைக்குப் போகும்போது ஒரு சிறு காந்தத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். துருவுறா எஃகிலும் காந்தம் ஈர்க்கும் வகைகள் சில இருப்பதால், ஐயம் வந்தால் வேறொரு சோதனையும் செய்யலாம்: தோலின் வெட்டுத்துண்டை நனைத்து, அதன்மேல் ஆணியை ஓர் இரவு வைத்துவிடுங்கள். காலையில் தோலே உண்மையைச் சொல்லிவிடும். வாங்கிய தோல் எவ்வகை என்று அறிய, வெட்டு விளிம்பைப் பாருங்கள். நடுவில் நீலச் சாம்பல் நிறம் தெரிந்தால் அது பெரும்பாலும் குரோமியத்தோல். பழுப்பாக இருந்தால் பட்டைத்தோல்.

நான்காவது நூற்பொருத்தம். பருத்தி நூல் மழையில் நனைந்து நனைந்து இற்றுப்போகும். மெழுகு ஏற்றிய சணல்நார் நூலோ பாலியெஸ்டர் நூலோ வேண்டும். இரண்டு ஊசிகளைக் கொண்டு ஒரே துளையில் எதிரெதிராகக் கோத்துத் தைக்கும் கைத்தையலில், ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் மற்றத் தையல் பிரியாது. எந்திரத் தையலில் அந்த உறுதி இல்லை.

ஐந்தாவது இடப்பொருத்தம். புல்லட்டின் சைலன்சர் வலப்புறம் செல்கிறது. பட்டையால் பதனிட்ட தோல் ஈரமாக இருக்கும்போது ஏறத்தாழ 75 முதல் 85 பாகை செல்சியஸ் வெப்பத்திலேயே சுருங்கி இறுகத் தொடங்கும். சைலன்சரோ அதைவிட அதிகமாகச் சூடேறும். ஆகையால் வலப்பையை விலக்கி நிறுத்த ஓர் இரும்புச் சட்டம் வேண்டும். அச்சட்டத்துக்கு நன்கு வண்ணம் பூசி, தோல் படும் இடத்தில் ரப்பர் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பழைய மைக்கூடு மீண்டும் திறந்துகொள்ளும்! இடப்புறத்தில் சேலை சக்கரத்தில் சிக்காதபடி தடுக்கும் கம்பித் தடுப்பு இருக்கும். பையை மாட்டுவதற்காக அதைக் கழற்றுதல் கூடாது. அலங்காரத்துக்காகப் பாதுகாப்பை இழக்கலாமா?

இவற்றையெல்லாம் எங்கே தேடுவது? தோலுக்குத் திண்டுக்கல்லும் ஈரோடும், ஆம்பூர், வாணியம்பாடி போன்ற பாலாற்றங்கரை ஊர்களும், சென்னைப் பெரியமேடும் உள்ளன. பழைய வண்டிகளின் உறுப்புகளுக்குப் புதுப்பேட்டை இருக்கிறது. தோலைப் பற்றிய ஆராய்ச்சிக்கென 1948-இல் நிறுவப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் சென்னை அடையாற்றில் இருக்கிறது. உங்களில் வேதியியல் பயில்வோர் அதனை அறிந்துகொள்வது நலம். தோல் வேலையைத் தாழ்வாகப் பேசும் பேதைமை நம் சமுதாயத்தில் இருந்தது. இன்னும் முற்றிலும் ஒழிந்துவிடவில்லை. அவ்வேலையில் எவ்வளவு வேதியியலும் கணக்கும் கைத்திறனும் அடங்கியுள்ளன என்பதை அறிந்தவர் எவரும் அப்படிப் பேசமாட்டார்.

என் மாணவரின் கதை என்னவாயிற்று என்று கேட்பீர்கள். அவர் ஆறு சோடிப் பைகளின் ஆணிகளையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். கறைபட்ட இடத்தில் எலுமிச்சைச் சாற்றைத் தடவி ஓரளவு வெளுக்கவைத்து, நீரால் துடைத்து உலர்த்தி, எண்ணெய் பூசினார். முழுவதும் போகாத இடங்களைத் தோல்வட்டம் தைத்து மறைத்தார். பிறகு செப்பு ஆணிகளை அடித்து, கூலி வாங்காமல் உரியவர்களிடம் சேர்ப்பித்தார். அதற்கு முன்பே, நான் சொல்லாமலே அவர் செய்த காரியம் ஒன்று உண்டு. தோல் வியாபாரியின் கடைக்குச் சென்று, முன்பு திட்டியபோது அங்கிருந்தவர்கள் கேட்கும்படியே மன்னிப்புக் கேட்டார். அப்பெரியவர் தேநீர் வரவழைத்துக் கொடுத்து, அடுத்த தோலையும் கடனாகவே கொடுத்தனுப்பினாராம்.

என் பையையும் சரிசெய்து தருவதாக அவர் சொன்னார். ஆணிகளை மட்டும் மாற்றச் சொன்னேன்; கறையை அப்படியே விட்டுவிடச் சொன்னேன். இன்றும் அது என் வண்டியில் இருக்கிறது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நான் பிறர் விடைத்தாள்களைத் திருத்தினேன். அந்தக் கறுப்பு வளையங்கள் எனக்குத் திரும்பி வந்த விடைத்தாள்.

நீங்கள் இன்று வகுப்பில் படித்த பாடம் எதுவாக இருந்தாலும், வீட்டுக்குப் போனதும் அது உங்கள் வீட்டில் எந்தப் பொருளில், எந்தத் தொழிலில் இருக்கிறது என்று ஒரு முறை தேடிப் பாருங்கள். உங்கள் ஆசிரியர் அதைச் சொல்லத் தவறியிருந்தால் நீங்களே அவரைக் கேளுங்கள். அவர் கோபித்துக்கொள்ளமாட்டார். என்னை யாராவது அப்படிக் கேட்டிருந்தால், ஆறு சோடிப் பைகள் கெடாமல் இருந்திருக்கும். ஒரு நல்ல மனிதர் வீண்பழி சுமக்காமல் இருந்திருப்பார்.