அடிக்கும் கையை விட, நிற்கும் கால்

கண்டியில் நான் தங்கியிருக்கும் வீட்டுக்கு அருகே ஓர் உள்ளரங்கு. மாலையில் மாணவிகள் பட்மின்டன் பழகுவார்கள். அண்மையில் ஒரு பிள்ளை பின்மூலையில் துள்ளி அடித்து, ஒற்றைக் காலில் இறங்கினாள். முழங்கால் மடங்கியது. "ஒண்டுமில்லை அக்கா" என்று எழும்பினாள். வன்னியில் நானும் அப்படிச் சொல்லித்தான், கடைசியில் விளையாட்டையே விட்டேன்.

பட்மின்டனில் ஆண்களைப் போலவே பெண்களுக்கும் 21 புள்ளிகள் கொண்ட 3 சுற்றுகள்தான். 2017 உலக சம்பியன்ஷிப் இறுதியாட்டத்தில் ஒகுஹாராவும் சிந்துவும் 110 நிமிடங்கள் மோதினர். ஒரு புள்ளிக்கு மட்டும் 73 அடிகள். ஆனால் உடலை அதிகம் வருத்துவது அடிப்பதல்ல, ஓடிவந்து சட்டென நிற்பது. அப்போது உடல் எடையின் பல மடங்கு முழங்காலில் இறங்குகிறது.

கண்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீற்றர் உயரம். காற்று சற்று மெல்லியது. அதே பந்து கொழும்பை விட இங்கே கொஞ்சம் விரைந்து போகும். காலும் விரைய வேண்டும்.

துள்ளித் திரும்பும் விளையாட்டுகளில் முழங்கால் சவ்வு கிழிவது ஆண்களை விடப் பெண்களுக்கே அதிகம். ஒலிம்பிக் சம்பியன் கரோலினா மரின் 2019, 2021, 2024 என மூன்று முறை விழுந்தார். மூன்றாவது, பாரிஸ் அரையிறுதியில் முன்னிலையில் இருந்தபோது.

தொடைத் தசையைப் பலப்படுத்துவதும், முழங்காலை வளைத்து மெதுவாகத் தரையிறங்கப் பழகுவதும் இந்த ஆபத்தைக் குறைக்கும். இதற்குப் பெரிய செலவில்லை.

வலியைத் தாங்குவது எங்களுக்குப் பழகிப்போனது. ஆனால் திருகிய முழங்கால் அன்றே வீங்கினால் அது தாங்க வேண்டிய வலியல்ல; வைத்தியரிடம் காட்ட வேண்டியது. அந்தப் பிள்ளையின் அம்மாவிடமும் அதைத்தான் சொன்னேன்.