ஊரைச் சுமக்கும் பெயர்கள்

அருப்புக்கோட்டையில் தறிச் சத்தம் கேட்கும் தெருக்களைத் தாண்டித் திருச்சுழிச் சாலையில் சென்றால் இரு புறமும் கரிசல் மண். மழை பெய்த வருஷத்தில் பருத்தியும் மிளகாயும் மல்லியும் சோளமும் கண்ணுக்குக் குளிர்ச்சியாய் நிற்கும். மழை பொய்த்த வருஷத்தில் வெடித்த நிலமும் சீமைக் கருவேலும்தான் மிஞ்சும். குண்டாற்றில் தண்ணீரைப் பார்த்தோம் என்று சொல்வதே இங்கே ஒரு செய்தி.

இந்த வறண்ட சீமையில் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் போய் உட்காருங்கள். "காசி! இந்தப் பக்கம் இரண்டு இலை போடப்பா! பழனி, தண்ணீர் எங்கே? சிதம்பரம் மாமாவுக்கு இடம் பண்ணுங்கள். அண்ணாமலை, சாம்பார் கொண்டு வா!" என்று குரல் கேட்கும். ரெயில் சார்ஜ் காலணா செலவில்லாமல் நமக்குப் பாதி பாரத யாத்திரை அந்தப் பந்தியிலேயே முடிந்துவிடும். சமையற்கட்டுப் பக்கம் காதைத் திருப்பினால் காவேரியும் கங்கையும் காசியம்மாளும் பழனியம்மாளும் அங்கே இருப்பார்கள்.

இவையெல்லாம் ஊர்களின் பெயர்கள்; அல்லது மலைகளின், நதிகளின் பெயர்கள். அவை மனிதரின் பெயர்களாக எப்படி ஆயின? நம் நாட்டில் மட்டுந்தான் இப்படியா? சற்று விசாரிப்போம்.

ஆங்கிலேயர் வழக்கம்

ஆங்கிலேயரிடமும் இவ்வழக்கம் உண்டு. நோயாளிகளின் தாய் என்று உலகம் போற்றும் பிளாரென்ஸ் நைட்டிங்கேல் 1820-ஆம் ஆண்டு மே மாதம் இத்தாலியில் பிளாரென்ஸ் நகரில் பிறந்தார். பெற்றோர் அந்நகரின் பெயரையே குழந்தைக்கு இட்டனர். அதற்கு முந்திய ஆண்டு நேபிள்ஸில் பிறந்த மூத்த பெண்ணுக்கு அந்நகரின் பழைய கிரேக்கப் பெயரான பார்தினோப் என்பதைச் சூட்டியிருந்தார்கள்.

ஏகாதிபத்தியத்தின் புகழ் பாடிய ருட்யார்ட் கிப்ளிங் 1865-ல் நம் பம்பாயில் பிறந்தவர். அவருடைய தாயும் தந்தையும் முதன் முதலில் சந்தித்தது இங்கிலாந்தில் ஸ்டாபர்ட்ஷயர் ஜில்லாவிலுள்ள ருட்யார்ட் என்னும் ஏரிக்கரையில். அந்த ஏரியின் பெயரைத்தான் கடல் கடந்து வந்து பிள்ளைக்கு இட்டார்கள். நாட்டை ஆள வந்தவர்களுக்கும் தங்கள் ஊர்த் தண்ணீரின் நினைவு விடவில்லை. இதில் நாம் குறை காண ஒன்றுமில்லை.

ஆனால் ஆங்கிலப் பெயர்களில் பெரும்பாலானவை இப்படி நேர் வழியில் வந்தவை அல்ல. ஓர் இடத்தின் பெயர் முதலில் அங்கிருந்த பிரபு வம்சத்தின் குடும்பப் பெயராகும். பிறகு அக்குடும்பத்தின் கீர்த்தியைக் கண்டு மற்றவர்கள் அதைத் தங்கள் பிள்ளைகளுக்கு வைப்பார்கள். ஸ்டான்லி என்றால், கல் நிறைந்த இடத்தில் காடு திருத்திய வெளி. கிளிபோர்டு என்றால், பாறையோரத்தில் ஆற்றைக் கடக்கும் துறை. ஷிர்லி என்பதும் காடு வெட்டித் திருத்திய ஒரு வெளிதான். அது குடும்பப் பெயராகவும் ஆண்களின் பெயராகவும் வழங்கி வந்தது. 1849-ல் சார்லட் பிராண்டி எழுதிய நாவலில், ஆண் குழந்தை வேண்டுமென்று காத்திருந்த பெற்றோர் தங்களுக்குப் பிறந்த பெண்ணுக்கே அப்பெயரை வைத்துவிடுகிறார்கள். அந்நாவல் பரவியபின் ஷிர்லி பெண்களின் பெயர் ஆகிவிட்டது.

நம்மில் யாராவது பிள்ளைக்குக் "கல்லாங்காடு" என்று நாமகரணம் செய்வார்களா? செய்யமாட்டோம். ஆனால் ஸ்டான்லி என்று தாராளமாகச் செய்திருக்கிறோம்! ஸர் ஜார்ஜ் ஸ்டான்லி என்பவர் 1929 முதல் 1934 வரை சென்னை மாகாண கவர்னராக இருந்தார். 1934-ல் முடிந்த மேட்டூர் நீர்த்தேக்கத்துக்கு அவர் பெயர் இடப்பட்டது. சென்னையில் வைத்தியக் கல்லூரி ஒன்றும் அவர் பெயரால் விளங்குகிறது. இங்கிலாந்தின் கல்லாங்காடு குடும்பப் பெயராகி, கவர்னராகக் கப்பலேறி வந்து, காவேரித் தண்ணீரின் பெயராகவும் ஆகிவிட்டது.

தூரத்து ஊரும் சொந்த ஊரும்

இனி நம் கரிசற் சீமைக்குத் திரும்புவோம். இங்கே பெயருக்குப் பின்னால் பிரபு வம்சம் இல்லை. இருப்பது பெரும்பாலும் ஒரு பிரார்த்தனை. பிறந்த குழந்தைகள் தங்காமல் போன வீட்டில் பழனிக்கு நேர்ந்துகொள்வார்கள். அடுத்த பிள்ளை பழனி. காசிக்குப் போக வேண்டும் என்று ஆயுள் முழுவதும் ஆசைப்பட்டுச் சாத்தூரைத் தாண்டாமலே கண்ணை மூடிய பாட்டனாரின் நினைவாகப் பேரன் காசி. அழகர் மலைக்குச் சோலைமலை என்றொரு பெயர் உண்டு. நிழலுக்கு ஒரு மரம் தேடும் ஊரிலே சோலைமலை என்ற பெயரை வாய் நிறையக் கூப்பிடும்போது சிறிது குளிர்ச்சி பிறக்கத்தான் செய்யும்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. தூரத்து ஊரின் பெயரைப் பிள்ளைக்கு இடும் நாம், சொந்த ஊரின் பெயரை அப்படி இடுவது அபூர்வம். சொந்த ஊர், பெயருக்கு முன்னால் ஓர் எழுத்தாக வந்து நின்றுகொள்ளும். உ. வே. சாமிநாதையர் என்பதில் முதல் எழுத்து உத்தமதானபுரம். கால் பதிந்த ஊர் தலைப்பெழுத்து. மனம் பதிந்த ஊர் பெயர்.

தமிழ்நாட்டு ஊர்ப் பெயர்களை ஆராய்ந்து 1946-ல் 'தமிழகம் ஊரும் பேரும்' என்னும் நூலை அளித்தவர் ரா. பி. சேதுப் பிள்ளை. அவருடைய பெயரே ஓர் ஊரின் பெயர்தான். நெடுநாள் பிள்ளையின்றி வருந்திய பெற்றோர் சேதுவில் நீராடி ராமேசுவரத்தில் வழிபட்டபின் பிறந்தவர் என்பதால் சேது என்று பெயர் வைத்ததாகக் கூறுவர்.

ஒரு பெயர் செய்த வேலை

திருச்சுழி சுந்தரமூர்த்தி நாயனாரின் பதிகம் பெற்ற பழம்பதி. பாண்டி நாட்டின் 14 பாடல் பெற்ற தலங்களில் ஒன்று. பிரளய வெள்ளம் உலகை மூடியபோது சிவபெருமான் சூலத்தால் பூமியில் துளையிட்டார் என்றும், வெள்ளம் சுழித்து அதற்குள் இறங்கியது என்றும், அதனால் ஊர் சுழியாயிற்று என்றும் ஸ்தல புராணம் சொல்கிறது. மழைக்கு வானம் பார்க்கும் சீமையில் வெள்ளத்தின் பெயரால் ஓர் ஊர்!

இவ்வூரில் 1879 டிசம்பர் 30-ந் தேதி, திருவாதிரைத் திருநாளின் நள்ளிரவு கடந்த வேளையில், சுந்தரமையர் என்ற வக்கீலுக்கும் அழகம்மாளுக்கும் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. வேங்கடராமன் என்று பெயரிட்டார்கள். வேங்கடம் என்பது திருப்பதி மலை. பழந்தமிழர் தங்கள் நாட்டின் வட எல்லையாகக் கொண்ட மலை. ஆகவே அக்குழந்தையின் பெயரிலேயே ஒரு மலை இருந்தது. ஆனால் அதை இழுத்தது வேறு மலை.

தந்தை 1892-ல் காலமானபின் பையன் மதுரையில் சிறிய தகப்பனார் வீட்டில் இருந்து படித்தான். 1895 நவம்பரில் உறவினரான பெரியவர் ஒருவரைச் சந்தித்தபோது, எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டான். அவர், அருணாசலத்திலிருந்து வருவதாகச் சொன்னார். பையனுக்குத் திடுக்கிட்டது. அருணாசலம் என்ற சொல்லை அவன் சிறு பிராயம் முதல் அறிவான். ஆனால் அது கால் வைத்து நடக்கக்கூடிய ஓர் இடம் என்று அவன் எண்ணியதே இல்லை. திருவண்ணாமலைதான் அது என்று பெரியவர் விளக்கினார்.

அடுத்த ஆண்டு, 1896 ஆகஸ்டு 29-ந் தேதி, பதினாறு வயதுப் பையன் ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டு வீட்டை விட்டுப் புறப்பட்டான். கையெழுத்து இடவேண்டிய இடத்தில் பெயர் இல்லை. ஒரு கோடுதான் இருந்தது. செப்டம்பர் முதல் தேதி திருவண்ணாமலை சேர்ந்தான். பின்னர் அந்த மலையை விட்டு அவர் வேறெங்கும் போகவில்லை. 1907-ல் காவ்யகண்ட கணபதி சாஸ்திரிகள் அவருக்கு ரமண மகரிஷி என்று பெயரிட்டார். 1950 ஏப்ரல் 14-ந் தேதி அவர் மறைந்தார். பெயர் வெறும் சப்தமே என்று சொல்வோர் இந்தச் சரித்திரத்தைச் சற்று நினைத்துப் பார்க்கட்டும்.

பெயர் உண்டு, வாசல் இல்லை

இவ்வளவு இனிமையாகச் சொல்லிவிட்டு, கசப்பான ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நாம் உண்மை பேசியவர் ஆகமாட்டோம். காசியும் பழனியும் மதுரையும் எல்லார் வீட்டுப் பிள்ளைகளுக்கும் பெயராயின. ஆனால் எல்லார்க்கும் கோயில் வாசல் திறந்திருக்கவில்லை. திருச்சுழிக்கு அருகேயுள்ள கமுதியில் 1897-ல் நாடார் சமூகத்தார் மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் சென்று வழிபட்டது பெரிய வழக்காயிற்று. அவ்வழக்கு லண்டன் பிரிவி கௌன்ஸில் வரை போய், 1908-ல் அவர்களுக்குப் பாதகமாகவே முடிந்தது. மகனைச் சுந்தரம் என்று அழைக்கலாம். சுந்தரேசுவரரின் சந்நிதியில் நிற்கக்கூடாது!

1939 ஜூலை 8-ந் தேதி மதுரையில் வைத்தியநாத ஐயர், ஹரிஜன சகோதரர்களையும் நாடார் சமூகத்தவரையும் அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் கோயிலுக்குள் சென்றார். 1947-ல் கோயில் பிரவேசச் சட்டம் மாகாணமெங்கும் ஹிந்துக் கோயில்களை யாவர்க்கும் திறந்தது. வாசலுக்கு வெளியே நின்ற தலைமுறைகளில், பிள்ளைக்கு இட்ட பெயர் ஒன்றுதான் பலருக்குக் கிடைத்த தரிசனம். இதை நினைக்கையில் 'பழனி' என்ற மூன்றெழுத்து மிகவும் கனமாகிவிடுகிறது.

ஊர் ஆளாகி, ஆள் ஊராகி

ஊர் மனிதனாவது பாதிக் கதைதான். மனிதன் மறுபடி ஊராவது மற்றப் பாதி. இதே கரிசல் பூமியைச் சேர்ந்த ஒட்டப்பிடாரத்தில் 1872-ல் ஒரு குழந்தை பிறந்தது. தில்லையின் பெயரைத் தாங்கிச் சிதம்பரம் ஆயிற்று. அவர்தாம் 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி கண்டு, 1908-ல் சிறை புகுந்து, செக்கிழுத்த வ. உ. சிதம்பரம் பிள்ளை. அவர் கப்பல் விட்ட தூத்துக்குடித் துறைமுகத்துக்கு 2011-ல் வ. உ. சிதம்பரனார் பெயர் சூட்டப்பட்டது. நடராஜரின் ஊர் ஒரு தேசபக்தரின் பெயராகி, மீண்டும் ஒரு துறையாகி நிற்கிறது.

ராஜா ஸர் அண்ணாமலைச் செட்டியார் தாங்கியது திருவண்ணாமலையின் பெயர். அவர் 1929-ல் சிதம்பரத்தில் பல்கலைக்கழகம் நிறுவினார். இன்று சிதம்பரத்துக்கு அருகே அண்ணாமலை நகர் என்று ஓர் ஊரே இருக்கிறது.

இனி ஒரு வேடிக்கையான பிரயாணத்தைக் கேளுங்கள். வட இங்கிலாந்தில், 1974 வரை டர்ஹாம் ஜில்லாவைச் சேர்ந்திருந்த வாஷிங்டன் என்று ஓர் ஊர். அவ்வூரின் பெயரைக் கொண்ட குடும்பத்தின் வழித்தோன்றலே அமெரிக்காவுக்கு விடுதலை தேடித் தந்த ஜார்ஜ் வாஷிங்டன். அவருடைய புகழால் அது ஒரு தலைநகரின் பெயரும், உலகெங்கும் பிள்ளைகளின் பெயரும் ஆயிற்று. சென்னையில் ஓய்வு பெற்ற போர்வீரர் ஒருவருக்கும் அப்பெயர். அவர் ஓர் ஏழைப் பையனுக்குப் பள்ளிச் சம்பளம் கட்டினார். புத்தகம் வாங்கித் தந்தார். அவன் கிரிக்கெட் ஆடுவதைக் கண்டு மகிழ்ந்தார். அப்பையன் வளர்ந்து, 1999-ல் தனக்கு மகன் பிறந்தபோது, மறைந்துபோன அந்த உபகாரியின் பெயரைச் சூட்டினான். 2021 ஜனவரியில் ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் மைதானத்தில் இந்தியாவுக்காக முதல் டெஸ்ட் ஆடிய வாஷிங்டன் சுந்தர்தான் அந்த மகன்.

இதை அந்நிய மோகம் என்று நாம் சொல்லத் துணியமாட்டோம். பெயர் அந்நியம், வைத்த மனம் தமிழ் மனம். பேரன் என்ற சொல்லே 'பெயரன்', அதாவது பெயரைத் தாங்குபவன் என்ற பொருளில் வந்ததல்லவா? நன்றியினால் வைத்த வாஷிங்டன், நாகரிகத்துக்காக வைத்த எந்தச் சுதேசிப் பெயரையும்விட நமக்கு நெருங்கியதே.

இன்று செய்யவேண்டியது

இப்போது பழனியும் காசியும் பள்ளிக்கூட ரிஜிஸ்தர்களில் அருகி வருகின்றன. பெயர் மாறுவது காலத்தின் இயல்பு. அதைத் தடுக்க நாம் சட்டம் போட முடியாது. நம் கவலை வேறு. பெயருக்குப் பின்னால் இருந்த காரணம் யாருக்கும் தெரியாமல் போவதுதான் நஷ்டம். தாத்தாவுக்கு ஏன் அருணாசலம் என்று பெயர்? யார் நேர்ந்துகொண்டார்கள்? நடந்து போனார்களா, வண்டி கட்டிப் போனார்களா, போகாமலே இருந்தார்களா? இந்தக் கேள்விகளுக்கு விடை எந்தக் கல்வெட்டிலும் இல்லை. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஒரு கிழவியிடம் இருக்கிறது.

நேயர்கள் இன்று மாலையே வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, குடும்பக் கணக்கு நோட்டில் நாலு வரி எழுதி வைக்கலாம். வரும் தலைமுறை தன் பிள்ளைக்கு எந்தப் பெயரை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும். எந்த மலையை நினைத்துக்கொண்டு தன் பாட்டனைக் கூப்பிட்டார்கள் என்பதாவது அதற்குத் தெரிந்திருக்கட்டும்.