ஒரே மின்னல், இரண்டு பேர்

ஒரே இரவில் இரண்டு பேர் மீது மின்னல் பாய்கிறது. ஒருவன் அமெரிக்கா போகத் துடிக்கும் தையல்காரன் ஜெய்சன். இன்னொருவன் டீக்கடையில் வேலை பார்க்கும் ஷிபு. ஊரே பைத்தியம் என்று ஒதுக்கி வைத்தவன். இருவருக்கும் ஒரே சக்தி வருகிறது. பேசில் ஜோசஃப் இயக்கி 2021 டிசம்பரில் நெட்ஃப்ளிக்ஸில் வெளியான மலையாளப் படம் 'மின்னல் முரளி'யின் பலமே இந்த இரட்டைப் பிறப்புதான்.

சூப்பர் ஹீரோ உருவாகும் கதைகளில் இழப்புதான் ஆசான். 1978இல் வந்த 'சூப்பர்மேன்' படத்தில் நாயகனின் வளர்ப்புத் தந்தை மாரடைப்பில் சாய்கிறார். 2002இல் வந்த 'ஸ்பைடர்மேன்' படத்தில் நாயகன் பீட்டர் தப்பவிட்ட திருடன் அவன் மாமாவைச் சுட்டுக் கொல்கிறான். அந்தத் துக்கத்தில் இருவரும் நல்லவழிக்கு வருகிறார்கள். ஆனால் அவர்களுக்குச் சோறு போட்டுக் காத்திருக்க, வீட்டில் ஒரு தாயோ அத்தையோ மிச்சம் இருந்தார். அதை அந்தப் படங்கள் பெரிதாகச் சொல்வதில்லை.

ஷிபுவுக்கு அப்படி யாரும் இல்லை. பல ஆண்டுகளாக அவன் மனசுக்குள் வைத்திருந்த உஷா, நோயுற்ற மகளோடு ஊர் திரும்புகிறாள். சிகிச்சைப் பணத்துக்காக ஷிபு வங்கியைக் கொள்ளையடிக்கிறான். ஹீரோ மக்களைக் காப்பாற்றும் அதே வேகத்தில் வில்லன் ஒரு குழந்தையைக் காப்பாற்ற ஓடுகிறான்! உஷா அவனை ஏற்றுக்கொள்ளும் காட்சியில், ஷிபுவாக நடித்த குரு சோமசுந்தரத்தின் முகத்தைப் பாருங்கள். அழுகையும் சிரிப்பும் ஒன்றையொன்று முந்தப் பார்க்கின்றன. 'ஜோக்கர்' (2016) படத்திலும், மனைவிக்கு நேர்ந்த கொடுமையால் தன்னையே ஜனாதிபதியாக அறிவித்துக்கொண்டு, கிறுக்கன் என்று ஏளனம் செய்யப்பட்டவர்தான் அவர். கூத்துப்பட்டறையில் பயின்ற அந்த உடம்புக்கு, ஊர் ஒதுக்கிய மனிதனின் நடை தெரியும்.

ஊர் வைத்த தீயில் உஷா இறந்ததும் ஷிபு ஊரையே அழிக்கக் கிளம்புகிறான். நாயகனாக டொவினோ தாமஸ் நன்றாகவே செய்திருக்கிறார்; சிறுவன் ஜோஸ்மோனோடு அவர் சக்தியைச் சோதிக்கும் இடங்கள் கலகலப்பானவை. ஆனாலும் என் மனம் போனது டீக்கடைப் பக்கம்தான்.

அதனாலேயே இறுதிச் சண்டையில் எனக்குக் குறை உண்டு. அதுவரை ஷிபுவின் பக்கம் நம்மை உட்கார வைத்த படம், அங்கே அவனை வெறும் அரக்கனாக்கி வீழ்த்திவிட்டு, ஜெய்சனுக்குக் கைதட்டச் சொல்கிறது. உஷாவைக் கொன்ற தீக்கு ஊர் பதில் சொல்லவே இல்லை.