ஆளில்லாத அறைகள்

சிகாகோவில் வாழ்ந்த ஓவியர் ஹோலிஸ் சிக்லர். 1985-ல் அவருக்கு மார்பகப் புற்றுநோய் என்று டாக்டர்கள் கூறியபோது வயது 37. தாயாருக்கும் கொள்ளுப்பாட்டிக்கும் வந்த அதே நோய்!

நோய் திரும்பி வந்தது. 1990-களின் தொடக்கத்தில் 'மார்பகப் புற்றுநோய் நாட்குறிப்பு' என்ற ஓவிய வரிசையைத் தொடங்கினார். பளிச்சென்ற வண்ணங்கள், முதல் பார்வைக்குக் குழந்தை வரைந்தது போலிருக்கும். வீடு, நாற்காலி, உடுத்த ஆளில்லாத உடை. அந்தப் பெண் எங்கே என்று தேடினால் அகப்படமாட்டாள்.

படத்தைச் சுற்றியுள்ள சட்டத்தில்தான் விஷயம். நோயைப் பற்றிய விவரங்களை அதிலேயே எழுதி வைத்தார். நம் வீடுகளில் இந்த நோயின் பெயர் அடுப்படியைத் தாண்டாது. அவரோ சுவரில் மாட்டி, ஊரார் நின்று படிக்கும்படி செய்தார்.

2001-ல், 53-வது வயதில் காலமானார். நோயோடு வாழ்ந்தது 16 ஆண்டுகள்.