சேணம் வைத்தால் குதிரை ஏன் கடிக்கிறது?

வண்டி ஏறாத மலைத்தோட்டங்களுக்குப் பொதிக்குதிரைதான் லாரி. அந்தக் குதிரை காலையில் சேணத்தைப் பார்த்ததும் காதைப் பின்னுக்கு மடக்குகிறது, வாலை வீசுகிறது, வாரை இறுக்குகிறவரின் தோளைக் கடிக்கப் பாய்கிறது. 'திமிர் பிடிச்சது' என்று நாலு அடி போட்டு மூட்டையை ஏற்றிவிடுகிறார்கள். வலிக்கிறதோ என்று பார்ப்பவரைக் காணோம்.

ராசிங்காபுரத்திலிருந்து போடி வரை குதிரை வைத்திருக்கும் எல்லோருக்கும் சொல்கிறேன்: அடிக்கும் முன் சேணத்தை இறக்கி முதுகைப் பாருங்கள். வேலை முடிந்து வந்த குதிரையின் முதுகு முழுக்க வியர்த்திருக்க, ஓரிடம் மட்டும் காய்ந்து கிடந்தால் சேணம் அங்கேதான் அழுத்துகிறது. அதே இடத்தில் வெள்ளைமுடி முளைத்திருந்தால் அது பழைய காயம். முதுகெலும்பின் இருபுறமும் உள்ளங்கையால் அழுத்தி வாருங்கள், எங்கே முதுகை நெளிக்கிறது என்று தெரியும். வார் உரசும் அடிவயிறு, வாலடிக் கயிறு, வாய், பல் எதையும் விடாதீர்கள். வெறும் வயிற்றில் நெடுநேரம் நிற்கும் குதிரைக்கு இரைப்பையில் புண் வரும். அந்த வலியாலும் வாரை இறுக்கும்போது குதிரை கடிக்கும்.

புண்ணில் கழிவு ஆயில் பூசாதீர்கள். குதிரையை ரணஜன்னி எளிதில் பிடிக்கும், பிடித்தால் பிழைப்பது அரிது. அரசு கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள். நடக்க முடியாவிட்டால் 1962-க்குப் போன் செய்யுங்கள். ரணஜன்னித் தடுப்பூசியும் கேட்டுப் போடுங்கள். புண் ஆறும்வரை சுமை வேண்டாம்.

புண்ணோடு வேலை வாங்குவது 1960-ம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 11(1)(பி) பிரிவின்படி குற்றம். 1965-ம் ஆண்டு விதிகள் மட்டக்குதிரைக்கு 70 கிலோ, கோவேறு கழுதைக்கு 200, கழுதைக்கு 50 என்று சுமையை வரையறுக்கின்றன. மட்டக்குதிரையின் இருபுறமும் ஐம்பது கிலோ மூட்டை கட்டினாலே விதிமீறல். நாளுக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேலோ, ஓய்வின்றித் தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேலோ வேலை வாங்கக் கூடாது. பிடரி முடியும் மேட்டெலும்பின் மேல் சேணம் நேரே உட்காரக் கூடாது என்பதும் விதியிலேயே இருக்கிறது. படித்தவர்தான் இல்லை.

முதல் குற்றத்துக்கு அபராதம் பத்து முதல் ஐம்பது ரூபாய். அறுபது வருடம் தாண்டியும் அதை உயர்த்த ஆட்சியாளர்களுக்கு மனமில்லை. அதற்காகப் புகாரைக் கைவிடாதீர்கள். காவல் நிலையத்தில் எழுத்துமூலம் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். இந்தப் பிரிவில் நீதிமன்ற அனுமதி இல்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாது. அதைச் சொல்லித் திருப்பி அனுப்பினால், புகாரைப் பதிவுசெய்து நீதிமன்றத்தை அணுகும் வழியை எழுதித் தரச் சொல்லுங்கள். மனுவின் நகலைத் திங்கள்கிழமை குறைதீர் நாளில் தேனி ஆட்சியர் அலுவலகத்தில் கொடுங்கள். மாவட்ட விலங்குவதைத் தடுப்புச் சங்கத்துக்குத் தலைவர் ஆட்சியர்தான். தேதி, நேரம், இடம், சுமையின் எடை, புண்ணின் படம், கால்நடை மருத்துவரின் சான்று எல்லாம் மனுவில் இருக்கட்டும்.

குற்றம் நடந்து மூன்று மாதம் தாண்டினால் இந்தச் சட்டத்தில் வழக்கே தொடர முடியாது. பார்த்த அன்றே எழுதுங்கள்.