50 ராடு, 2 அங்குல பின்: கழற்றுவதில் இத்தனை சூட்சுமம் இருப்பது தெரியுமா?

ஆழ்துளைக் கிணறு தோண்டும் திருச்செங்கோட்டு போர் வண்டிகள் இந்தியா முழுக்க ஓடுவது ஊரறிந்த சேதி. ஆயிரம் அடி போர் போட்டால் உள்ளே எத்தனை ராடு இருக்கும் தெரியுமா? ராடு ஒன்று 20 அடி என்றால் 50! ஒன்றோடொன்று மரையில் முறுக்கி, நுனியில் பாறையை உடைக்கும் ஹேமரும் பிட்டும்.

இதில்தான் அதிசயம். ராடு வலப்பக்கம் சுற்றும், மரை இறுகுவதும் அதே பக்கம். அதனால் பாறையைக் குடையக் குடைய மூட்டு இறுகிக்கொண்டே போகும்! குழிக்குள் இருக்கும்போது இடப்பக்கம் சுற்றினால் போச்சு. எந்த மூட்டு விடும் என்று யாராலும் சொல்ல முடியாது, ஹேமர் அடியிலேயே தங்கிவிடலாம். அப்புறம் எப்படிக் கழற்றுகிறார்கள்? ராடை மேலே இழுத்து, மூட்டு வெளியே வந்ததும் கீழ் ராடின் வெட்டில் ஸ்பேனரை மாட்டி அசையாமல் பிடித்துக்கொள்கிறார்கள். மேல் ராடு மட்டும் எதிர்ப்பக்கம் சுற்றும். டக்கென்று ஒரு சத்தம், மூட்டு விட்டது! சேறு வழியும் ராடை அடுக்கிவிட்டு அடுத்தது. நடுராத்திரியானாலும் கடைசி ராடு வரை இதே வேலைதான். அந்தப் போர் வண்டிப் பையன்களின் கைகளுக்கு எவ்வளவு மரியாதை செய்தாலும் தகும்.

கழற்றும் சூட்சுமம் போர் வண்டியோடு முடியவில்லை. நாமக்கல், சங்ககிரி ரோட்டில் போகும் டிரெய்லரை இழுப்பது எது தெரியுமா? கிங் பின் என்ற ஒரே இரும்பு முளை! பரவலான அளவு வெறும் 2 அங்குலக் குறுக்களவு. கழற்றுவதற்கு வரிசை உண்டு: டிரெய்லரின் முன்கால்களை இறக்கு, காற்றுக் குழாயையும் ஒயரையும் எடு, அப்புறம்தான் பின்னை விடுவிக்கும் பிடியை இழுத்து வண்டியை நகர்த்து. காலை இறக்க மறந்தால் டிரெய்லர் குப்புற விழும்.

ஓடும்போதே கழன்றுவிட்டால்? காற்று போனதும் பிரேக் தானாகப் பிடிக்கும்! ரயிலுக்காக இந்த உத்தியை வெஸ்டிங்ஹவுஸ் 1872-லேயே கண்டுபிடித்துவிட்டார். சேலம் ஜங்ஷனிலிருந்து கிளம்பும் ரயிலின் பிரேக் குழாயில் சதுர செ.மீ.க்கு 5 கிலோ அழுத்தம் இருக்கும். நடுவழியில் பெட்டிகள் பிரிந்தால் குழாய் அறுந்து, இரண்டு பாதியும் நின்றுவிடும்.

ரயில் பெட்டிகளை நாமே கழற்றுவது எப்படி? பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலை 2018 ஜனவரி வரை கட்டிய பழைய வகைப் பெட்டிகளில், பெட்டிகளை இணைக்கும் கப்ளிங்கின் திருகைத் தளர்த்த ஊழியர் இரண்டு பஃபர்களுக்கு நடுவே நுழைந்தாக வேண்டும். புதிய வகை எல்.எச்.பி. பெட்டிகளில் கப்ளிங் பூட்டை ஓரத்தில் நின்றே கைப்பிடியால் திறக்கலாம்! பிரேக் குழாயைக் கழற்ற மட்டும் இன்னமும் உள்ளே போகத்தான் வேண்டும், அதுவும் இரண்டு பக்க அடைப்பு வால்வுகளையும் மூடிய பிறகே.